கேட் ரிஜிஸ்டர் எதைச் சொல்லும்? ஹடர்ஸ்ஃபீல்டு நூலகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் நூலக வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கோடு போட்ட ஒரு பெரிய பதிவேடு, சணலால் கட்டிய பேனா. கட்டாவிட்டால் மதியத்துக்குள் பேனா போய்விடும். பெயர், வகுப்பு, வந்த நேரம், போன நேரம், வந்த நோக்கம், கையெழுத்து என்று கட்டங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் காலையில் முதலில் வருகிற பையன் ‘பேப்பர்’ என்று எழுதிவிட்டால் சாயங்காலம்வரை கீழே அத்தனையும் டிட்டோதான். அவன் ‘ரெஃபரன்ஸ்’ என்று எழுதினால் அன்றைக்கு எங்கள் கல்லூரி முழுக்க ஆராய்ச்சி. வந்த எல்லோரும் கையெழுத்துப் போடுவதில்லை, சிலர் வராத தோழிக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஜன்னல் பக்கத்து மேசைக்கு மட்டும் ஏன் அவ்வளவு கூட்டம் என்று நான் முதல் வருடம் யோசித்திருக்கிறேன், அங்கேதான் ஃபேனும் செல்போன் சார்ஜ் போட பிளக்கும் ஒன்றாக இருக்கிறது.

இந்தப் பதிவேட்டைக் கூட்டி, வேலை நாட்களால் வகுத்து, மொத்த மாணவர் ஆசிரியர் எண்ணிக்கைக்கு விழுக்காடு போட்டு, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் அமைப்பின் அறிக்கைக்குக் கொடுத்த அனுபவம் இதைப் படிக்கிற நூலகர்கள் பலருக்கும் இருக்கும். ‘நூலகப் பயன்பாடு’ என்றதும் நம் கை தானாகப் போவது இந்தக் கணக்கிடம்தான். இதே வாசல் கணக்கை இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக நூலகம் வேறு இரண்டு கணக்குகளோடு சேர்த்து, மாணவர்களின் பட்டத் தேர்ச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மூன்றில் எது தேர்ச்சியோடு ஒட்டவில்லை தெரியுமா? வாசல் கணக்கு.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகச் சொன்னால் ‘நூலகத்துக்கு வந்தால் மார்க் ஏறும்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டியதைப் பார்த்தும் இருக்கிறேன்.

முன்கதை இரண்டு வரியில். நோயாளிக்கு மருந்து கொடுக்குமுன் ‘இது வேலை செய்யும் என்பதற்கு என்ன சான்று’ என்று கேட்கும் பழக்கம் 1990-களில் மருத்துவத்தில் வேகமாகப் பரவியது. மருத்துவக் கல்லூரி நூலகர்கள் அந்த டாக்டர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், ஆக அதே கேள்வி ஒருநாள் அவர்கள் பக்கமும் திரும்பியதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக மருத்துவ நூலகர் ஜொனதன் எல்ட்ரெட்ஜ் 1997-இல் இதை ‘சான்று சார்ந்த நூலகப் பணி’ என்று நூலகப் பணிக்கென்று எழுதினார். 2001-இல் ஷெஃபீல்டில் முதல் மாநாடு, 2006-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய ஒரு ஆய்விதழ். ஆரம்பத்தில் சான்று என்றால் அச்சான ஆய்வுக் கட்டுரை மட்டும்தான் என்ற மாதிரி பேசினார்கள். பிறகு நூலகர் டெனிஸ் கூஃபோஜியனாகிஸ் போன்றவர்கள் அதை விரித்தார்கள்: ஆய்வு ஒரு பக்கம், நம் நூலகத்திலேயே கிடைக்கும் கணக்கும் வாசகர் சொல்லும் ஒரு பக்கம், வேலை பார்த்துப் பார்த்து வந்த நம் அறிவு இன்னொரு பக்கம், மூன்றும் சேர்ந்துதான் சான்று. கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அந்த இரண்டாவது பக்கத்துக்கு, நம் நூலகத்திலேயே கிடைக்கும் கணக்குக்கு, ஓர் உதாரணம்தான் ஹடர்ஸ்ஃபீல்டு. அது வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு பழைய கம்பளி ஆலை நகரம். அங்கிருந்த பாலிடெக்னிக் 1992-இல்தான் பல்கலைக்கழகமானது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி பெயர் கிடையாது, கோடிக்கணக்கில் புத்தகம் கிடையாது. அந்த நூலகத்திடம் இருந்தது வேறொன்று: இஷ்யூ கணக்கை அவர்கள் அழிக்கவில்லை. யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார்கள் என்பது ஆண்டுக்கணக்கில் மென்பொருளுக்குள் அப்படியே கிடந்தது. பெரும்பாலான நூலகங்களில் புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரிக்கு மதிப்பு போய்விடும், அபராதம் பாக்கி இருந்தால் மட்டும்தான் திரும்பிப் பார்ப்போம். அங்கே நூலகக் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட டேவ் பேட்டர்ன் என்பவருக்கு அந்தக் கிடப்பு வேறு மாதிரி தெரிந்தது. 2000-களின் நடுவில் அவர் அதை வைத்து நூல் பட்டியலில் ‘இதை எடுத்தவர்கள் இவற்றையும் எடுத்தார்கள்’ என்று காட்ட ஆரம்பித்தார். கடைக்காரர் செய்யும் வித்தைதான், ஆனால் நூலகத்தில் அப்போது அது அபூர்வம். 2008 டிசம்பரில் பதின்மூன்று ஆண்டு இஷ்யூ கணக்கிலிருந்து, ஏறத்தாழ முப்பது லட்சம் பரிமாற்றங்களைத் தொகுத்து, எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளுக்கான பயன்பாட்டுத் தரவை ஆள் அடையாளம் எதுவுமில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவெளியில் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு கணக்கு கையில் இருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். யார் எடுக்கிறார்கள் என்று தெரிகிறது, சரி, யார் எடுக்கவே இல்லை? டெபோரா குடாலும் பேட்டர்னும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நூலகத்தைத் தொடாதவர்கள், கொஞ்சமாகத் தொடுகிறவர்கள் யார், அவர்கள் தேர்ச்சி எப்படி இருக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. கேள்வி இங்கிருந்து பிறந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘நாங்கள் எவ்வளவு நல்லவர்கள் பாருங்கள்’ என்று நிதிக் குழுவுக்குக் காட்டக் கிளம்பியிருந்தால் அவர்கள் எடுப்பவர்களை மட்டும் எண்ணியிருப்பார்கள்.

அவர்கள் வளாகத்தில் நூலகப் பயன்பாட்டுக்கும் தேர்ச்சிக்கும் ஒரு தொடர்பு தெரிந்தது. இது எங்கள் ஊருக்கு மட்டுமா, இல்லை எல்லா இடத்திலும் இப்படித்தானா என்ற சந்தேகம் அதிலிருந்து வந்தது. அதைத் தீர்க்கத்தான் 2011 ஜனவரி முதல் ஜூலைவரை, பிரிட்டனின் உயர்கல்விக்கான தகவல் தொழில்நுட்ப அமைப்பான ஜிஸ்கின் நிதியில், ஹடர்ஸ்ஃபீல்டு தலைமையில் எட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரு திட்டத்தில் சேர்ந்தன. எக்ஸிடர், பிராட்ஃபோர்டு, லிங்கன், சால்ஃபோர்டு, டீசைடு எல்லாம் அதில் உண்டு. சோதிக்கப்போகும் கருதுகோளைத் தரவு கைக்கு வருமுன்பே எழுதி வைத்தார்கள்: நூலகப் பயன்பாட்டுக்கும் மாணவர் தேர்ச்சிக்கும் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாத தொடர்பு, ஒன்றில் அல்ல பல பல்கலைக்கழகங்களில், இருக்கிறது என்று. முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு வந்த விடைக்கு ஏற்ற மாதிரி கேள்வியை வளைக்க முடியாது. நம் ஊர் எம்ஃபில் காலத்தில் இதை எத்தனை பேர் தலைகீழாகச் செய்தோம் என்பதை விட்டுவிடுவோம்.

தரவு எப்படி இருந்தது என்று கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு வரி. பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது. என்ன பாடம், இறுதியில் எந்த வகுப்பில் தேறினார், எத்தனை புத்தகம் எடுத்தார், மின்னிதழ், மின்னூல் போன்ற மின்வளங்களை எவ்வளவு பயன்படுத்தினார், நூலக வாசலில் அட்டையை எத்தனை முறை தேய்த்தார். அவ்வளவுதான். இப்படி எட்டு இடத்திலிருந்தும் சேர்த்து 33,074 இளநிலை மாணவர்கள். ஐந்து கட்டம் உள்ள வரிதானே, அரை நாளில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். புத்தகக் கணக்கு நூலக மென்பொருளில், மதிப்பெண் தேர்வு அலுவலகத்தில், மின்வள உள்நுழைவு இன்னொரு சர்வரில், வாசல் கணக்கு பாதுகாப்புப் பிரிவில், நான்கையும் ஒரே ஆளுக்குப் பொருத்திவிட்டு அப்புறம் ஆளை அழிக்க வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகத்திடமும் எல்லாக் கட்டத்துக்கும் தரவு இருக்கவும் இல்லை. மின்வளம் என்ற கட்டத்திலேயே சிலர் எத்தனை முறை உள்நுழைந்தார்கள் என்று எண்ணியிருந்தார்கள், சிலர் பிடிஎஃப் தரவிறக்கத்தை எண்ணியிருந்தார்கள். ஒருவர் படியால் அளந்தார், இன்னொருவர் தராசில் நிறுத்தார் என்ற கதை. அதனால் ஒரு பல்கலைக்கழகத்தை இன்னொன்றோடு ஒப்பிடாமல், ஒவ்வொன்றின் உள்ளேயும் தனித்தனியாகப் பார்த்து, ஒரே போக்கு எல்லா இடத்திலும் திரும்ப வருகிறதா என்று மட்டும் கவனித்தார்கள். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவான பாடங்களில் பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதிலும் ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

இன்னொரு சிக்கல், இதை இஷ்யூ கவுண்டரில் இருந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஆறு மாணவர்கள், ஐந்து பேர் ஒன்றுமே எடுக்கவில்லை, ஒருத்தி அறுபது புத்தகம் எடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி பத்து. பத்து எடுத்தவர் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. நூலகக் கணக்கு என்றாலே இப்படித்தான், ஒரு பக்கம் பூஜ்யங்களின் கூட்டம், மறுபக்கம் நாலைந்து புத்தகப் பைத்தியங்கள். மணி வடிவத்தில் அழகாக வளையாது. ஆகவே சராசரியை வைத்துச் செய்யும் வழக்கமான சோதனைகளை விட்டுவிட்டு, எண்களை வரிசைப்படுத்தி வரிசை இடத்தை ஒப்பிடும் கிரஸ்கல்-வாலிஸ், மான்-விட்னி சோதனைகளைப் பயன்படுத்தினார்கள். ஆண்டறிக்கையில் ‘ஒரு மாணவருக்குச் சராசரி இத்தனை நூல்’ என்று எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது, இதைப் படித்த பிறகு ‘ஒன்றுகூட எடுக்காதவர்கள் இத்தனை பேர்’ என்று எழுதுகிறேன். பார்ப்பதற்கு நன்றாக இருக்காது, உண்மையாக இருக்கும்.

முடிவு இதுதான். புத்தகம் எடுப்பதற்கும் தேர்ச்சி வகுப்புக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இருந்தது, மின்வளப் பயன்பாட்டுக்கும் தேர்ச்சிக்கும் இருந்தது. உயர்ந்த வகுப்பில் தேறியவர்கள் இந்த இரண்டிலும் பொதுவாக அதிகம். நூலகத்துக்குள் எத்தனை முறை வந்தார்கள் என்பதற்கும் தேர்ச்சிக்கும் அப்படியொரு தொடர்பு கிடைக்கவில்லை.

ஏன்? யோசித்தால் புரியாத விஷயமில்லை. இன்றைய பல்கலைக்கழக நூலகம் என்பது புத்தகம் வைக்கும் இடம் மட்டும் இல்லை. கணினி இருக்கிறது, காபி இருக்கிறது, நண்பர்கள் கூடிப் பேச இடம் இருக்கிறது, வெளியே மழை. கட்டுரைகளை விடுதியில் படுத்துக்கொண்டே இறக்கிவிடும் நல்ல மாணவி வாசலைத் தொடாமலேயே நூலகத்தை நன்றாகப் பயன்படுத்துகிறாள். உள்ளே வந்தவன் என்ன செய்தான் என்று அட்டை சொல்லாது. என் ஜன்னல் மேசைப் பிளக்கை நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தொடர்பு இருக்கிறது என்றால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. படிக்கிற பிள்ளை புத்தகமும் எடுக்கும், மார்க்கும் வாங்கும். பகுதிநேர வேலைக்கு ஓடாமல் படிக்க முடிகிற வீட்டுப் பிள்ளை இரண்டையும் செய்யும். கண்டிப்பான ஆசிரியர் வாய்த்த வகுப்பு முழுக்கவே இரண்டையும் செய்யும். திட்டத்தில் இருந்தவர்கள், குறிப்பாக அதை நடத்திய கிரஹாம் ஸ்டோன், இது காரண காரியம் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே இரண்டாம் கட்டமாக, ஹடர்ஸ்ஃபீல்டு தரவை மட்டும் எடுத்துக்கொண்டு பாடம், வயது, பால், எந்த நாட்டிலிருந்து வந்தவர், இடையில் படிப்பை விட்டவரா என்றெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். பாடத்துக்குப் பாடம் பயன்பாடு நிறைய மாறியது. இதைக் கேட்டு எந்த நூலகரும் மயங்கி விழமாட்டார், ஆனால் ‘எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கும் எண்ணிப் பார்த்ததற்கும் வித்தியாசம் உண்டு. நிதி கேட்கப் போகும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

அவர்கள் கணக்கோடு நிற்கவும் இல்லை. நூல் எடுத்தால், கருத்து எழுதினால் புள்ளியும் பதக்கமும் கிடைக்கிற ‘லெமன்ட்ரீ’ என்ற விளையாட்டை 2011 வாக்கில் தொடங்கினார்கள், எடுக்காதவர்களை இழுப்பதுதான் நோக்கம். எனக்கு இந்தப் புள்ளி விளையாட்டில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. புள்ளிக்காகப் புத்தகம் எடுத்துப் படிக்காமல் திருப்பித் தருகிறவன் நாளைக்கு அதே இஷ்யூ கணக்கைக் கெடுத்துவிடுவான், அளக்கிற கோலையே தூண்டிலாகப் போட்டால் கோல் வளையும். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும், எண் கிடைத்ததும் அதை யாரை நோக்கித் திருப்புவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே பாதையில் மற்றவர்களும் போனார்கள். ஆஸ்திரேலியாவின் வுலங்கொங் பல்கலைக்கழகம் ‘லைப்ரரி கியூப்’ என்று ஒன்றைக் கட்டி நூலகப் பயன்பாட்டையும் மதிப்பெண்ணையும் தொடர்ந்து சேர்த்துப் பார்த்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வந்தது, நூலகத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களின் மதிப்பெண்ணும் படிப்பைத் தொடர்வதும் கூடுதலாக இருந்தன. நூலகர் கூட்டங்களில் இவையெல்லாம் கைதட்டல் வாங்கின.

கைதட்டலுக்கு நடுவே 2019-இல் புரூக் ராபர்ட்ஷாவும் ஆண்ட்ரூ ஆஷரும் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றை ஒன்றாக அடுக்கி, தொடர்பு எவ்வளவு பெரியது என்று அளந்தார்கள். சிறியதுதான். ஆயிரக்கணக்கான மாணவர் தரவு இருந்தால் மிகச் சின்ன வேறுபாடுகூடப் ‘பொருட்படுத்தத்தக்கது’ என்று சோதனையில் தேறிவிடும், புள்ளியியலில் அந்தச் சொல்லுக்கு ‘பெரியது’ என்று அர்த்தம் இல்லை. இவ்வளவு சின்ன பலனுக்காக ஒரு மாணவர் என்ன படித்தார், எப்போது படித்தார் என்பதையெல்லாம் சேர்த்து வைப்பது சரியா என்று அவர்கள் கேட்டார்கள். நூலகத் தொழிலில் இது பழைய கேள்வி. வாசகர் எடுத்த புத்தகம் அவர் சொந்த விஷயம், போலீஸ் கேட்டாலும் யோசித்துத்தான் கொடுப்போம் என்று வளர்ந்தவர்கள் நாம், மார்க்கோடு ஒட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னால் மட்டும் பெட்டியைத் திறந்துவிடலாமா? இங்கேயும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்துவிட்டது. அழிக்காமல் வைத்திருந்ததால்தான் ஹடர்ஸ்ஃபீல்டு இதைச் செய்ய முடிந்தது, அழிக்காமல் வைத்திருப்பதுதான் ஆபத்தும். நான் இதில் நடுவில் நிற்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை: எங்கள் நூலகத்தில் யாராவது இதைச் செய்யச் சொன்னால் பெயரோடு மார்க்கைச் சேர்க்கும் வேலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன், துறைவாரியாகக் கூட்டிய எண்ணிக்கை போதும் என்பேன்.

அந்தக் கூட்டிய எண்ணிக்கையைத்தான் எடுத்துப் பார்த்தேன். எங்களிடம் கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது, திரும்பி வந்த புத்தகங்களின் வரி அதிலும் தனியாகக் கிடக்கிறது, ஒரு சின்ன அறிக்கை எழுதினால் வந்துவிடும். கல்லூரிகளுக்கு மின்னிதழும் மின்னூலும் தரும் என்-லிஸ்ட் சேவையின் உள்நுழைவு வேறு இடம், அதை இதோடு பொருத்த வழியில்லை, விட்டுவிட்டேன். என் கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு பருவம் முடியும்போது ஒரு புத்தகம்கூட எடுக்காத மாணவர்கள் எந்தத் துறையில் அதிகம்? எந்தத் துறை என்று எனக்கு முன்பே ஓர் எண்ணம் இருந்தது, அரியர் அதிகம் வைக்கிற ஒரு வகுப்பைத்தான் மனதில் வைத்திருந்தேன். அறிக்கை வேறு துறையைக் காட்டியது. நன்றாகப் படிக்கிற துறை, ரேங்க் வாங்குகிற துறை, எங்கள் கேட் ரிஜிஸ்டரிலும் அவர்கள் பெயர் அதிகம் இருக்காது. கிட்டத்தட்ட வகுப்பு முழுக்கப் பூஜ்யம்.

நூலக அறிமுக வகுப்பு எடுக்க வேண்டும், சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றெல்லாம் முதலில் தோன்றியது. கைப்பட ஒரு கடிதம்கூட எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால் அந்தத் துறைக்கு நேரில் போய்ப் பார்க்கலாம் என்று போனது நல்லதாயிற்று. ஆசிரியர் அறையில் பீரோவுக்குப் பின்னால் இரண்டு ஸ்டீல் அலமாரி, நிறையப் பாடப் புத்தகம், பழைய மாணவர்கள் விட்டுப்போனது, பதிப்பகத்தார் இலவசமாகக் கொடுத்தது, ஆசிரியர்கள் தங்கள் காசில் வாங்கியது. எங்கள் அக்சஷன் ரிஜிஸ்டரில், அதாவது நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில், ஒன்றுகூடக் கிடையாது. துறையின் அட்டெண்டர் அண்ணன் ஒரு இருநூறு பக்க நீள நோட்டில் இஷ்யூ போட்டுக்கொண்டிருக்கிறார், பல ஆண்டாக. பெயர், புத்தகம், கொடுத்த தேதி, வந்த தேதி, அதற்குப் பக்கத்தில் நான் எங்குமே பார்க்காத ஒரு கட்டம்: ‘கிடைத்ததா?’ தேடி வந்த விஷயம் அந்தப் புத்தகத்தில் இருந்ததா என்று திருப்பித் தரும்போது கேட்டு ‘ஆம்’, ‘இல்லை’, சில இடத்தில் ‘பாதி’ என்று எழுதியிருந்தார்.

என் கோஹாவில் பூஜ்யமாக இருந்த பிள்ளைகள் அந்த நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தார்கள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“அண்ணே, இந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்களேன், பார்த்துட்டுத் தர்றேன்” என்றேன்.

“எடுத்துக்கோங்க மேடம், ரெண்டு நாள்ல திருப்பிடுங்க” என்றவர், கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழே என் பெயரையும் தேதியையும் எழுதி, புத்தகம் என்ற கட்டத்தில் ‘இந்த நோட்டு’ என்று போட்டுக்கொண்டார்.